மீசையின் மச்சான்

மீசையை முதன்முதலாக மாட்டியபோது என் கைக்கு அது தொளதொளவென்று இருந்தது. வலையில் கட்டும் மிதவைதான் தலை. நைலான் நூலில் மீசை, பழைய கைலித் துணியில் உடம்பு. திருப்பாலைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் கரையில் அந்தக் கைப்பொம்மையைத் தெரியாதவர் கிடையாது. தொழுகை நாள் என்பதால் வெள்ளிக்கிழமை படகுகள் இறங்காது. அன்று சாயங்காலம் மீன் ஏலக்கூடத்தில் இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரு சேலையைக் கட்டுவோம். சேலைக்கு மேலே மீசை தலையை நீட்டுவான். பிள்ளைகளுக்காக ஆரம்பித்ததுதான். ஆனால் பெரியவர்களும் பின்னால் நின்றுகொண்டு, பார்க்காதது போலப் பார்ப்பார்கள்.

எனக்கு முன்னால் அவனை ஆட்டி வந்தவர் நயினார்கோவில் பக்கத்துக்காரர். நானும் அவரும் ஒரே தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தோம். கடலுக்குப் போகிறவர்கள் மிதவைச் சட்டை போட வேண்டும் என்பதைப் பேச்சோடு பேச்சாகச் சொல்ல அவர் கண்டுபிடித்த வழி மீசை. யாரைப் பார்த்தாலும் மீசைக்கு மச்சான்தான். "ஏ மச்சான், ஒங்க வீட்டுக் கொழம்பு வாசன இங்கன வரைக்கும் வருது, கூப்பிடத்தான் ஒங்களுக்கு மனசு வரல" என்பான். அகப்பட்ட ஆள் வெட்கத்தில் நெளிவார். மறுநாள் படகில் அதையே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். எங்கள் ஊரில் கிண்டல் செய்ய மாமன், மச்சான் என்று ஒரு முறை வேண்டும். அவர் வெளியூர்க்காரர், யாருக்கும் எந்த முறையும் இல்லை. அதனால் ஊரே அவருக்கு மச்சான் ஆனது.

அவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனதும், பரமக்குடியிலிருந்து ஓர் ஆளை வரவழைக்கலாம் என்று அலுவலகத்தில் பேசினார்கள். நான் செய்கிறேன் என்றேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். கல்லூரிக்குத் தினமும் ராமநாதபுரம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்தவள். ஒரு பொம்மையைப் பேசவைப்பது பெரிய காரியமா என்று நினைத்தேன். மூன்று வெள்ளிக்கிழமை பார்க்கலாம், கூட்டம் நிற்கவில்லை என்றால் பரமக்குடிக்காரர்தான் என்றார்கள்.

வீட்டில் கட்டைக்குரலில் பேசிப் பழகினேன். கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா காதில் அந்த மச்சான் விழுந்துவிட்டது.

"பொம்ம மச்சாங்குதுன்னு ஒருத்தனும் சொல்ல மாட்டான்டி. இன்னாரு மக மச்சாங்குறான்னுதான் சொல்லுவான்."

அது எனக்கும் உறைத்தது. எனவே மச்சானை அண்ணன் ஆக்கினேன்.

முதல் வெள்ளிக்கிழமை மீசை எல்லாரையும் அண்ணே என்று கூப்பிட்டான். யாரும் நெளியவில்லை. கூப்பிடப்பட்டவர்கள் கூட்டத்தில் பெயர் வாசித்ததுபோல மரியாதையாகத் தலையாட்டினார்கள். முன்வரிசையில் ஒரு சின்னப் பிள்ளை, மீசைக்குக் காய்ச்சலா என்று கேட்டது. அடுத்த வாரம் பின்னால் நின்ற ஆண்கள் பாதிப் பேர் இல்லை. பிள்ளைகள் ஒருவரையொருவர் கிள்ளி விளையாட ஆரம்பித்தார்கள். சேலையை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தபோது, ஐஸ் கூடையோடு போன ஒரு அக்கா நின்று சொன்னாள்: "நீ நல்லாத்தான் பேசுற. மீசைதான் பேச மாட்டேங்குறான்."

அந்த வாரம் முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவளிடம் பதிலுக்கு என்ன சொல்லியிருக்கலாம் என்று பஸ்ஸில் வாய்க்குள் பேசிக்கொண்டே போனேன். ஆண்குரல் வேண்டும் அவர்களுக்கு, அவ்வளவுதான் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அந்தச் சமாதானம் நிற்கவில்லை. காரணம் குரல் இல்லை, மச்சான் இல்லாததுதான் என்று எனக்கே தெரியும்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை கூட்டம் இன்னும் மெலிந்திருந்தது. மேற்கு வெயில் சேலையில் நேராக அடித்தது. எனக்குத் துணிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் வெறும் நிழலாகத்தான் தெரிந்தார்கள். பத்து நிமிடம் அண்ணே, தம்பி என்று ஓட்டினேன். பேச்சுச் சத்தம் கூடிக்கொண்டே போனது. பரமக்குடிக்காரரின் கையில் மீசை ஆடுவதை நினைத்தேன். அந்த ஆத்திரத்தில்தான் கத்திவிட்டேன்.

"ஏ மச்சான், தூணுல சாஞ்சு நிக்கிற மச்சான்! மிதவைச் சட்டைய மேல மாட்டச் சொன்னா, தலைக்கு வச்சுப் படுக்குறீகளாமே?"

ஒரு பெண் "ஆத்தி" என்றாள். யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். நான் சேலையின் ஓரத்தில் எட்டிப் பார்த்தேன். தூணில் சாய்ந்து நின்றது என்னைப் பெற்ற அய்யா.

அதுவரை ஒரு வெள்ளிக்கிழமைகூட அவர் வந்ததில்லை. யாரிடமும் அதிகம் பேசாத மனுஷர். என் கை மேலேயே நின்றுவிட்டது. இறக்கினால் எல்லாம் முடிந்துவிடும் என்று தோன்றியது. கீழே பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாக நிமிர்ந்தார். நான் இருந்த பக்கம் பார்க்கவில்லை. மீசையைப் பார்த்தார்.

"போடத்தான் செஞ்சேன் மச்சான். கைய மடக்கி வல இழுக்க முடியல. கக்கத்துல அறுக்குது."

சிரிப்பு கூடத்தை நிறைத்தது. இதே சட்டையைப் போடச் சொல்லி ஒரு வருஷமாக வீட்டில் நான் கெஞ்சியிருக்கிறேன். ம் என்பார், அதோடு சரி. இப்போது ஊர் நடுவில் காரணம் வந்து விழுந்துவிட்டது. மீசையைத் தலை சாய்த்து யோசிப்பதுபோல நிறுத்தினேன். அதற்குள் இன்னொருவர், தன் சட்டையில் வலைக்கண்ணி மாட்டிக்கொள்கிறது, அதற்கு என்ன வழி என்று மீசையை மடக்கினார். வெளியே நின்றவர்கள் உள்ளே வந்தார்கள். ஒரு பையன் மீசையின் மீசையைப் பிடித்து இழுத்தான். நான் மீசையை விட்டு அவன் கையைக் கடிக்கவைத்தேன்.

பரமக்குடிக்காரர் வரவில்லை. ஆனால் நான் நன்றாகச் செய்ததாக ஒருவரும் சொல்லவில்லை. வழியில் பார்த்தவர்கள் மீசை என்ன சொன்னான் என்பதைத்தான் பேசினார்கள். வீட்டில் அம்மா பிடித்துக்கொண்டாள், பெத்த அய்யாவைப் போய் மச்சான் என்பதா என்று. கை கழுவிக்கொண்டிருந்த அய்யா திரும்பாமலே, "சொன்னது மீசைதான" என்றார். அதற்கு மேல் அந்த வீட்டில் அந்தப் பேச்சு எழவில்லை. சட்டையைப் பற்றியும் எழவில்லை.

செவ்வாய்க்கிழமை ராமநாதபுரத்தில் ஒரு கடையில் விசாரித்தேன். கக்கத்தில் அறுக்காத, கை நன்றாக மடங்குகிற சட்டை இருக்கிறதாம். சாயங்காலம் அய்யா எனக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டார். சொல்ல வாயெடுத்தேன். ம் என்று ஒரு சத்தம் வரும், அது எனக்குத் தெரியும். மறுபடியும் குழம்பை ஊற்றினேன். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.