இணைப்பு நான்கு

ராணுவ அமைச்சகத்தின் பின்வாசலுக்கு நேர் எதிரே, மருந்துக்கடைக்கும் சாவி போடுகிறவரின் பெட்டிக்கும் நடுவில், ஓர் ஆள் கைகளை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் இடிக்கிற அகலத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. அதை நடத்தியவளுக்கு நாற்பத்து மூன்று வயது. அவளைவிட மூத்தவர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஜெராக்ஸ் அக்கா.

அவளிடம் ஒரு பழக்கம். யார் எதைக் கொடுத்தாலும் முதலில் தாள்களை எண்ணுவாள். நடுவில் ஒரு பக்கம் இல்லையென்றால் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பிவிடுவாள். "முழுசா கொண்டாங்க, அரைகுறையா போட்டுக் குடுத்து நாளைக்கு நான் பேச்சு வாங்க முடியாது" என்பாள். அவளுடைய தம்பி அதற்கு நேர்மாறு. ஒன்பது வயதிலிருந்து அவனை அவள்தான் வளர்த்தாள். இப்போது இருபத்தேழு. கடையில் பின் அடிப்பது, சுருள்கம்பி கோத்து பைண்டிங் போடுவது அவன் வேலை. கை வேலை செய்யும், மனசு எங்கேயாவது மேய்ந்துகொண்டிருக்கும்.

அந்த வியாழக்கிழமை காலையில், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் வழக்கம்போல வந்தார். அவர் வீட்டுக்கு வடக்கே இருக்கிறவர்களோடு அவருக்குப் பதினோரு வருடத் தகராறு. நகராட்சிக்கு மூன்று புகார் எழுதிப் பதில் வராமல் நான்காம் முறையாக எழுதியிருந்தார். மூன்று தாள். எத்தனையாவது நினைவூட்டல் என்று ஒவ்வொரு தாளின் மேல்மூலையிலும் '4' எழுதி வட்டம் போட்டிருந்தார். நகல் எடுத்துக்கொண்டு கிளம்பியவர் நடுத்தாளைக் கண்ணாடி மேலேயே விட்டுவிட்டார். மூடியைத் திறந்தபோதுதான் அக்கா பார்த்தாள். வந்து கேட்பார் என்று எடுத்து மேசையில் வைத்தாள்.

பத்து நிமிடத்தில் அமைச்சகத்துத் தலைமை எழுத்தர் தெருவைக் குறுக்கே கடந்து ஓடிவந்தார். கையில் சாப்பாட்டுப் பை. அதற்குள்ளிருந்து, பாத்திரத்தை எடுக்கிற மாதிரி ஒரு கோப்பை எடுத்தார்.

"ஏம்மா, இருபத்தஞ்சு செட் வேணும். எங்க மெஷின் படுத்துடுச்சு. ரிப்பேர் பண்ண மூணு பேர்கிட்ட விலைப்புள்ளி வாங்கணும், அதுக்கு ஒரு மாசம் ஆகும். இது மூணு மணிக் கூட்டத்துக்கு. எதையும் படிக்காதே."

"படிக்காம எப்படி சார் வைக்கிறது? தலைகீழா வந்துடும்."

"அப்ப தலைப்பை மட்டும் படி."

தலைப்பை மட்டும் படித்தாள். 'வடக்கு அண்டை நாட்டின்மீது படையெடுத்தல்: வரைவுத் திட்டம்'. அக்கா அதை இன்னொரு தடவை படித்தாள். ஆனாலும் கை பழக்கத்தில் தாள்களை எண்ணியது. அறுபத்திரண்டு பக்கம் சரி. இணைப்பு ஒன்று, சாலைகள். இரண்டு, பாலங்கள். மூன்று, சாப்பாடு. ஐந்து, வெற்றி விழா.

"சார், நாலு இல்ல."

"எது நாலு?"

அக்கா பொருளடக்கத்தைக் காட்டினாள். 'இணைப்பு 4: படையெடுப்புக்கான காரணம்.' முதல் பக்கத்திலும் 'காரணம்: இணைப்பு 4 காண்க' என்றுதான் இருந்தது.

தலைமை எழுத்தர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "பிரிவுலயே தங்கிடுச்சு போல. நீ மத்ததைப் போடு, கொண்டு வரேன்" என்று ஓடினார்.

பிரிவில் கேட்டால் சட்டத்துறைக்குப் போயிருக்கிறது என்றார்கள். சட்டத்துறையில், அது வெளியுறவிலிருந்து வர வேண்டியது என்றார்கள். வெளியுறவில் ஒருவர் டீயை ஆற்றிக்கொண்டே, "காரணமா? அது உங்ககிட்ட இருக்குன்னுதானே நாங்க சம்மதிச்சோம்" என்றார். இரண்டரை மணிக்கு முகமெல்லாம் வெளிறிப்போய்த் தலைமை எழுத்தர் கடைக்குத் திரும்பியபோது அக்கா அங்கே இல்லை. தாள் தீர்ந்துபோனதால் அடுத்த தெருவுக்குக் கட்டு வாங்கப் போயிருந்தாள். தம்பி மட்டும் செட் அடுக்கிக்கொண்டிருந்தான்.

"நாலு கிடைக்கலயே, நான் என்ன பண்ணுவேன்!" என்று அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

தம்பி மேசையைப் பார்த்தான். "நாலு தானே சார்? இதோ நாலுன்னு போட்ட தாள் ஒண்ணு கிடக்கே."

தலைமை எழுத்தர் பிடுங்கிப் படித்தார். "வடக்குப் பக்கத்தார் பதினோரு ஆண்டுகளாக எல்லையை மதிப்பதில்லை. அவர்கள் மரம் நம் பக்கம் இலை உதிர்க்கிறது. அவர்கள் தண்ணீர் நம் பக்கம் வழிகிறது. கேட்டால் சிரிக்கிறார்கள். நாம் காட்டிய பொறுமையைக் கோழைத்தனம் என்று எண்ணிவிட்டார்கள்."

"அப்பாடா!" என்றார். போன உயிர் வந்தது. "இதேதான். நல்லாத்தான் எழுதியிருக்கானுங்க. சீக்கிரம் வை தம்பி!"

அக்கா தாள்கட்டோடு வந்தபோது இருபத்தைந்து செட்டும் போயிருந்தது. "இங்கயே கிடந்ததுக்கா" என்று தம்பி சொன்னதை, இணைப்பு நாலு எழுத்தரின் பையிலேயே தங்கியிருக்கும் போல என்று எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் மாலை நாட்டின் தலைவர் வானொலியில் பேசினார். மருந்துக்கடை வாசலில் முப்பது பேர் நின்று கேட்டார்கள். அக்கா துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அவர்கள் மரம் நம் பக்கம் இலை உதிர்க்கிறது" என்று தலைவர் குரல் தழுதழுத்தபோது அவள் கை நின்றது. அது வாத்தியார் விட்டுப்போன தாளில் அவள் பார்த்த வரி. "கேட்டால்," என்று தலைவர் இழுத்து நிறுத்தினார், "சிரிக்கிறார்கள்!"

தெருவே கொதித்துப்போனது. அதுவரை சண்டை வந்தால் சுரங்கத்துக்காக என்று சிலரும் துறைமுகத்துக்காக என்று சிலரும் பேசிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் அது ஒட்டவில்லை. இது ஒட்டியது. எல்லோருக்கும் பக்கத்து வீடு என்று ஒன்று இருக்கிறதே. சாவி போடுகிறவர் அரத்தைக் கீழே வைத்துவிட்டு, "சிரிக்கிறானுங்களாமே!" என்று பல்லைக் கடித்தார். வடக்கே ஒருமுறைகூடப் போகாதவர்.

அக்கா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் பின் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றிருந்தான். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டாள். அவளும் சொல்லவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் வாத்தியார் வந்தார். சலவைச் சட்டை, முகத்தில் ஒரு மினுக்கம்.

"பாத்தீங்களாம்மா! மூணு தடவை எழுதி ஒருத்தன் எட்டிப் பாக்கல. நாலாவது தடவை படையையே அனுப்பிட்டாங்க."

"சார், இது விளையாட்டா? உங்க தாள் தப்பா போய்ச் சேர்ந்திருக்கு."

"தப்பா போனாலும் மேல போயிருக்கு இல்ல?" என்றவர், குரலைத் தாழ்த்தி, "ஆனா வடக்கு வீட்டுக் குழாய் இன்னும் ஒழுகுது" என்றார்.

அடுத்த வாரம் ஆள் சேர்ப்பு ஆணை வந்தது. இருபதிலிருந்து முப்பது வயதுவரை எல்லா ஆண்களும். அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நேராகப் பின்வாசலுக்குப் போய்த் தலைமை எழுத்தரைப் பிடித்து நடந்ததையெல்லாம் கொட்டினாள். அவர் பொறுமையாகக் கேட்டார். ஆச்சரியப்பட்ட மாதிரியே தெரியவில்லை.

"இதை வெளிய சொல்லாதே. சொன்னாலும் பிரயோஜனம் இல்ல. அது இப்ப அரசு ஆவணம். அரசு ஆவணத்துல தப்பு இருக்க முடியாது."

"அப்ப உண்மையான காரணம்தான் என்ன சார்?"

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். "கிடங்குல நாலு லட்சம் டப்பா சாப்பாடு இருக்கும்மா. இன்னும் அஞ்சு மாசத்துல கெட்டுப்போற தேதி. அதனால தேதி முதல்லயே முடிவாயிடுச்சு. காரணத்தை யாரோ எழுதிடுவாங்கன்னு ஒவ்வொருத்தரும் நினைச்சுக்கிட்டாங்க."

அவள் கடைக்குத் திரும்பினாள். அன்றிரவு தம்பியிடம், "ஊர்ல யாருமில்லாத ஒரு வீடு இருக்கு, கொஞ்ச நாள் போய் இருடா" என்றாள். ஒளிந்துகொள்வதில் சின்ன வயதிலிருந்தே கெட்டிக்காரன் அவன். ஆனால் தலையை ஆட்டிவிட்டு, "நான் போறேன்க்கா" என்றான். ஏன் என்று அவள் கேட்டபோது பையில் துண்டை மடித்து வைத்துக்கொண்டிருந்தான்.

முதல் கடிதம் மூன்று வாரம் கழித்து வந்தது. எல்லையில் பெரிய எதிர்ப்பு இல்லை என்று எழுதியிருந்தான். 'முதல் ஊரில் எங்கள் அதிகாரி காரணத்தை ஒலிபெருக்கியில் வாசித்தார். ஒரு பெரியவர் வீட்டுக்குள் போய்த் துடைப்பத்தோடு வந்து, எவ்வளவு இலை விழுந்தது, நானே வந்து கூட்டிவிடுகிறேன் என்றார். பக்கத்தில் நின்ற பெண்மணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதிகாரி உடனே, பாருங்கள், சிரிக்கிறார்கள் என்று மேலிடத்துக்குத் தந்தி அடித்தார்.' அடுத்த கடிதத்தில், இலை உதிர்க்கும் மரங்களைக் கண்டுபிடித்து வெட்டும்படி உத்தரவு வந்திருப்பதாக எழுதினான். 'இது இலையுதிர் காலம் அக்கா. எல்லா மரமும் உதிர்க்கிறது. ஒன்பது நாளாக வெட்டுகிறோம். காட்டுக்குள் எங்கிருந்தோ சுடுகிறார்கள். நேற்று எங்கள் கூடாரத்தில் மூன்று படுக்கை காலி.'

பிறகு கடிதம் வரவில்லை. கடைக்கு வேறு தாள்கள் வர ஆரம்பித்தன. அரை முழம் நீளம், பழுப்பு நிறம், 'வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்' என்று அச்சடித்து, நடுவில் விட்ட கோட்டில் பேரை மட்டும் கையால் எழுதியிருந்தது. உதவித்தொகைக்கு ஏழு நகல் வேண்டும் என்று விதி. அம்மாக்கள், மனைவிகள், ஒருநாள் கல்யாணப் பட்டுச்சேலையிலேயே ஒரு பெண். யாரும் கண்ணாடிமேல் வைக்கத் தாளைக் கையைவிட்டுக் கொடுக்க மாட்டார்கள். அக்கா அவர்கள் விரலோடு சேர்த்து மூடியை இறக்குவாள். எத்தனையோ நகல்களின் ஓரத்தில் விரல்களும் விழுந்திருந்தன. அவளுக்கு அப்போது எண்ணத் தோன்றவில்லை. பேரைப் படித்துவிட்டு, தன் தம்பி பேர் இல்லை என்று மூச்சு விடுவாள். அப்படி மூச்சு விட்டதற்காக உடனே வெட்கப்படுவாள்.

வாத்தியார் ஒருநாள் உள்ளே வந்தவர் அந்த வரிசையைப் பார்த்தார். அதில் மூன்று பேர் அவரிடம் கணக்குப் படித்தவர்களின் அம்மாக்கள். வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுநாள் ஒரு தாளோடு வந்தார்.

"புகாரை வாபஸ் வாங்குறேன்னு எழுதியிருக்கேன்மா. வடக்கு வீட்டுக்காரனும் சாட்சிக் கையெழுத்து போட்டிருக்கான். அவன் மகனும் போயிருக்கான்ல, கேட்டதும் போட்டுட்டான். இருபத்தஞ்சு நகல் போடுங்க. அமைச்சகத்துல எல்லா ஜன்னல்லயும் குடுப்போம்."

அக்காவும் வாத்தியாருமாகப் படியேறினார்கள். முதல் ஜன்னலில், புகார் கொடுத்தது நாடு, நாடுதான் வாபஸ் வாங்க வேண்டும் என்றார்கள். இரண்டாவதில், நாட்டின் சார்பில் வருவதற்கு அத்தாட்சி கேட்டார்கள். ஒன்பதாவது ஜன்னலில் ஓர் அம்மாள் மறுபேச்சில்லாமல் வாங்கி முத்திரை குத்தினார். வாத்தியாருக்குக் கண் கலங்கியது. "பதில் எப்ப வரும்மா?" என்று கேட்டார். "நினைவூட்டல் போடுங்க, சார்" என்றார் அந்த அம்மாள்.

சண்டை ஐந்து மாதத்தில் முடிந்தது. டப்பா சாப்பாடு தீர்ந்துவிட்டது என்றும், பனி கொட்டியது என்றும் சொன்னார்கள். ஒப்பந்தம் போட்டார்கள். வடக்கு நாடு எல்லையோரம் இலை தடுக்க வலை கட்ட ஒப்புக்கொண்டது. இரண்டு நாட்டு அதிகாரிகளும் ஒருவர் முன்னால் ஒருவர் சிரிக்கக் கூடாது என்று அதில் ஒரு பிரிவும் இருந்தது. கையெழுத்துப் போடும் புகைப்படத்தில் எல்லோரும் பல்வலிக்காரர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். பதினான்காயிரம் பேர் செத்தார்கள் என்று நம் பக்கத்துச் செய்தித்தாள் எட்டாம் பக்கத்தில் போட்டது. அவர்கள் பக்கம் எத்தனை என்று அது போடவில்லை.

தம்பி உயிரோடு வந்தான். இடது பாதம் மட்டும் இல்லை. வெட்டிய மரம் அவன் மேலேயே சாய்ந்துவிட்டது. ராணுவ மருத்துவமனைப் படிவத்தில் 'காயம் எதிரியால் ஏற்பட்டதா?' என்ற கேள்விக்கு முன்னால் அக்கா பேனாவோடு விழித்தாள். மருத்துவமனை எழுத்தர் ஒரு பட்டியலைப் புரட்டி, "ஆமான்னு போடுங்க. மரம் எதிரிப் பட்டியல்ல இருக்கு" என்றார்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், வெந்நீரில் துணியை நனைத்து அவன் காலைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். அவன் சுவரைப் பார்த்தபடி சொன்னான்:

"அந்தத் தாளை நான்தான்க்கா எடுத்துக் குடுத்தேன்."

அக்கா துணியை வெந்நீரில் விட்டாள். "உனக்குத் தெரியுமா?"

"ரேடியோவுல கேட்டப்பவே தெரியும். அதனாலதான் ஒளிஞ்சுக்கல. நான் வெச்ச தாளுக்கு மத்தவன் போய், நான் ஊர் வீட்டுப் பரண்மேல உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?"

"போடா லூசு" என்றாள். "நீ வெக்கலன்னா வேற எதையாவது வெச்சிருப்பாங்கடா. மருந்துக்கடைச் சீட்டு கிடந்தாலும் அதைத்தான் வெச்சிருப்பாங்க."

"தெரியும்க்கா. ஆனா வெச்சது என் கை."

துணியைப் பிழிந்தாள். "மறைச்சு வெச்சதுல எனக்கும் பங்கு இருக்கு" என்றாள். அவன் அவள் தோளில் கையைப் போட்டுக்கொண்டான். ஒன்பது வயதுக்குப் பிறகு அவன் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

வசந்த காலத்தில் செயற்கைப் பாதம் வந்தது. ஷூ மாட்டினால் அதைக் காலோடு பிடிக்கிற பூட்டு கழன்றுவிடும், அப்படி யாரோ வடிவமைத்திருந்தார்கள். அதனால் தம்பிக்கு வலது கால் ஷூ மட்டும் போதும் என்று ஆகிவிட்டது. மருத்துவமனையில் பக்கத்துப் படுக்கையில் கிடந்த லாரிக்காரனுக்கு அதே அளவு. அவனுக்குப் போனது வலது பாதம். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஜோடி வாங்கலாம் என்று முடிவு செய்து, அக்காவையும் கூட்டிக்கொண்டு ஷூ கடைக்குப் போனார்கள். தம்பிக்குப் பழுப்பு வேண்டும். லாரிக்காரனுக்குக் கறுப்புதான் வேண்டும், பழுப்பில் சேறு தெரியுமாம். ஒரு மணி நேரம் சண்டை. கடைக்காரர் அக்காவைப் பார்த்துக் கையை விரித்தார்.

"நீங்களாவது சொல்லுங்கம்மா."

"என்னை இழுக்காதீங்க, பேசி முடிக்கட்டும்" என்று அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சாயங்காலம்வரை ஆனாலும் இருக்கிற மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டாள்.