பாட்டிலில் இருந்த கைப்பக்குவம்

கோமதியிடம் நான் பொய் சொன்னேன். அவளைப் பெற்றவள் சாகக் கிடந்த நாட்களில், நாள் தவறாமல் சொன்னேன். தக்காளித் தொக்கைப் பற்றிய பொய்... சிரிக்கிறீர்களா? சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

எனக்கு இராஜபாளையத்தில் வேலை. மாலைப் பேருந்தில் கரிவலம்வந்தநல்லூர் வரை நின்றுகொண்டே வந்து, சங்கரன்கோவிலில் இறங்கி வீடு சேர ஏழரை ஆகிவிடும். கணவரும் மகளும் பசியோடு இருப்பார்கள். வெங்காயம் உரிக்கவும் தக்காளி வதக்கவும் உடம்பில் தெம்பு இருக்காது.

பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள சூப்பர் மார்க்கெட்டில் ஒரு நாள் அந்தப் பாட்டிலைப் பார்த்தேன். பஜ்ஜிக்குத் தொட்டுக்கொள்ளும் இனிப்புச் சாஸ் அல்ல அது. வெங்காயமும் பூண்டும் சேர்த்துக் காய்ச்சி, சமையலுக்கென்றே அகலவாய்ப் பாட்டிலில் அடைத்த தக்காளி சாஸ். நல்லெண்ணெயில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து, மிளகாய்த்தூள் போட்டு, அதை ஊற்றிக் கொதிக்கவிட்டால் பத்து நிமிடத்தில் தொக்கு தயார். திங்களன்று சப்பாத்திக்கு அதுதான். செவ்வாயன்று அதிலேயே முட்டை உடைத்து ஊற்றுவேன். மறுநாள் சேமியாவில் போட்டுப் புரட்டுவேன். மிஞ்சியது தோசைக்கு.

அதில் என்ன குற்றம் என்பீர்கள். ஒன்றுமில்லை. குற்றம் ஒரு கிண்ணத்தில் தொடங்கியது.

எதிர்வீட்டுப் பார்வதி அத்தைதான் கோமதியின் அம்மா. எங்களுக்கு உறவில்லை, முறை வைத்துக் கூப்பிடுவதுதான். அவர் அவியல் வைத்தால் எங்களுக்கு ஒரு கிண்ணம் வரும். வந்த கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்பது எங்கள் தெரு வழக்கம். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கை சீனியாவது போட்டுக் கொடுப்போம். அன்று நான் அந்தத் தொக்கை ஊற்றிக் கொடுத்தேன். மறுநாள் அத்தை வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

“ஏட்டி, தக்காளிய எப்பிடி வதக்குன? ருசி நாக்குலயே நிக்கு. வேலைக்கும் போய்க்கிட்டு இவ்வளவு பக்குவமா செய்தியே.”

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடங்களில் என் சமையலை யாரும் புகழ்ந்ததில்லை. பாட்டில் என்று சொல்ல வாயெடுத்தேன்... விழுங்கிவிட்டேன். அன்றே கணவரிடமும், “எதிர்வீட்டுல சொல்லிராதீங்க” என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பிறகு அத்தைக்கு நோய் வந்தது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் மருந்து ஏற்றிக் கூட்டி வந்தார்கள். எதை வாயில் வைத்தாலும் இரும்பாகக் கசக்கிறது என்றார். கோமதி வேலையை விட்டுவிட்டுத் தாயோடு இருந்தாள். அவள் சமைத்த எதுவும் இறங்கவில்லை. குழைந்த சோற்றில் என் தொக்கைப் பிசைந்து கொடுத்தால் மட்டும் நாலு வாய் சாப்பிட்டார். தினமும் அனுப்பினேன். புண்ணியம் செய்வதாகக்கூட எண்ணிக்கொண்டேன். எவ்வளவு வெட்கக்கேடு பாருங்கள்.

அலுவலகப் பயிற்சிக்காக நான் பத்து நாள் சென்னைக்குப் போக வேண்டி வந்தது. புறப்படும் நாளில் கோமதி நோட்டும் பேனாவுமாக வந்தாள்.

“எக்கா, நீங்க இல்லாம அம்மைக்கு ஒண்ணும் எறங்காது. பக்குவத்தச் சொல்லுங்க, எழுதிக்கிடுதேன்.”

ஒரு வார்த்தை போதும். கடை இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. என் அடுப்படி அலமாரியிலேயே மூன்று பாட்டில்கள் இருந்தன. நான் என்ன செய்தேன் தெரியுமா? நாட்டுத் தக்காளி அரைக் கிலோ என்றேன். சிறு தீ என்றேன். இறக்கும்போது ஒரு துண்டு கருப்பட்டி என்றேன்... வாய் கூசாமல் சொன்னேன். அவள் கருப்பட்டிக்குக் கீழே கோடு போட்டுக்கொண்டாள்.

சென்னையில் இருந்த என்னைத் தினமும் போனில் கூப்பிட்டாள்.

“எக்கா, அம்மை தட்டத் தள்ளி விட்டுட்டா. உன் கையில ருசி இல்லட்டி, அவ எப்ப வருவான்னு கேக்கா. நான் எங்க தப்பு விடுதேன்?”

“தீயக் கொறச்சுப் பாரு கோமு” என்றேன். அடுத்த நாள், எண்ணெய் பிரியும் வரை வதக்கச் சொன்னேன். ஆறாம் நாள், ஏழாம் நாள்... ஒவ்வொரு நாளும் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துச் சொன்னேன். உண்மையை ஏன் சொல்லவில்லை? இத்தனை மாதம் ஏமாற்றியது தெரிந்துவிடும் என்றா? ஒரு புகழ்ச்சிக்காகவா? கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது.

ஒன்பதாம் நாள் காலையில் அத்தை போய்விட்டார்.

நோய்தான் கொண்டுபோனது. தொக்கு கிடைத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கடைசி நாட்களில் பட்டினி வயிற்றோடு, பெற்ற மகளைக் குறை சொல்லிக்கொண்டே போனாரே... அதற்கு நான்தானே காரணம்?

ஊர் திரும்பி அடுப்படிக்குள் போனேன். அலமாரியில் பாட்டில்களைக் காணவில்லை. “மூணையும் தீத்தாச்சு. பாப்பா வேற ஒண்ணும் திங்க மாட்டேன்னுட்டா” என்றார் கணவர். தெருவுக்கு இந்தப் பக்கம் தட்டை வழித்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். எதிர்வீட்டில் அந்தத் தொக்குக்காகப் பட்ட பாடு அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும், அவர் வாயைக் கட்டியிருந்தவள் நான்தானே.

கோமதி இப்போது சமைப்பதில்லை. கடையில் இட்லி வாங்கிக்கொள்கிறாள். கேட்டால், “பெத்தவளுக்கே எறங்காத கையி, யாருக்குச் சமைக்க?” என்கிறாள்.

மாதாமாதம், அத்தை போன தேதியில், படத்துக்கு முன் இலை போட்டுப் படைக்கிறாள். அதற்குத் தொக்கு மட்டும் நான் செய்து தர வேண்டும். “உங்க கையால வச்சாத்தான் அம்மை திம்பா” என்கிறாள். செய்து கொடுக்கிறேன். பிறகு காலிப் பாட்டிலைத் தண்ணீரில் ஊறவைத்து, மேலே ஒட்டிய தாளை உரித்து, கைப்பையில் கொண்டுபோய் இராஜபாளையத்துக் குப்பைத்தொட்டியில் போடுகிறேன்.

உங்களிடம் சொல்லிவிட்டேன். உங்களிடம் சொல்வது எளிது. நீங்கள் எதிர்வீட்டில் இல்லை.

நாளை அந்தத் தேதி. சற்றுமுன் கோமதி வந்தாள். போன மாதம் நான் தொக்கு ஊற்றிக் கொடுத்த கிண்ணத்தைக் கழுவித் துடைத்து நீட்டினாள். வெறுமையாகத் தரக்கூடாதே... சமைப்பதை விட்டவள், அதில் ஒரு கை சீனி போட்டிருந்தாள்.

“நாளைக்கு மறந்துராதீங்கக்கா” என்றாள்.

மறக்க மாட்டேன் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.