ஜங்ஷனில் முட்டையிட்ட செவலை

இரண்டு வருடம் முன்பு, இடவப்பாதி மழை ஓய்ந்து ரப்பர் தோட்டமெல்லாம் பச்சை பிடித்து நின்ற சமயம். தக்கலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் ஊர் ஜங்ஷனில் ஒரு கடை உண்டு. பாதி டீக்கடை, பாதி பலசரக்குக் கடை. அந்தக் கடை வாசலில்தான் ஒரு சாயங்காலம் எல்லோரும் என்னைக் கள்ளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

என் கோழிகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோழி என்றால் பார்க்க அழகாக இருக்க வேண்டும். உடம்பு செவலையாக, கழுத்தில் பொன் மினுங்க, வால் கறுத்து, கொண்டை நிமிர்ந்து நிற்க வேண்டும். முட்டையும் நல்ல நிறமாக, ஓடு கெட்டியாக இருக்க வேண்டும். அதனால் அடை வைக்கும்போது கைக்குக் கிடைத்ததை வைக்க மாட்டேன். இருப்பதிலேயே கடும் நிறமான முட்டைகளைப் பொறுக்கித்தான் வைப்பேன். அதில் பொரிந்த சேவல்களில் லட்சணமான ஒன்றுதான் அடுத்த தலைமுறைக்குத் தகப்பன். மிச்சமெல்லாம் குழம்புக்கு.

"மகளுக்கு மாப்பிள்ளை பாக்கும்போகூட நீ இவ்வளவு விசாரிக்கல்லியேட்டி" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். செய்யட்டும். வருடக்கணக்கில் இப்படி மெனக்கெட்டதில் என் முட்டைகள் பலாக்கொட்டைத் தோலின் நிறத்துக்கு வந்துவிட்டன. கடைக்கார அண்ணன் அவற்றைக் கண்ணாடிப் பெட்டியில் முன்வரிசையில் வைத்து விற்பார். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு, சின்னக் குழந்தைகளுக்கு என்று சொல்லிவைத்து வாங்கிப் போகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

அன்று முட்டை கொடுக்கப் போனபோது, வளைகுடாவிலிருந்து லீவில் வந்த ஒருவர் கடையில் நின்றார். எங்களுக்கு அடுத்த தெருக்காரர்தான். ஒரு கையில் நாரங்கா சர்பத், மறுகையில் போன். எலுமிச்சம்பழத்தை நாங்கள் நாரங்கா என்போம். பண்ணை முட்டையைத் தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்து நாட்டு முட்டை என்று விற்கிறார்கள் என்று ஏதோ வீடியோ பார்த்திருக்கிறார். அப்படி ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள்தான். என் முட்டை ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாட்டுக்கோழி எங்கேயாவது இந்த நிறத்தில் முட்டை போடுமா என்று கேட்டார். என் கோழி போடும் என்று நான் பெருமையாகச் சொன்னேன்.

அவர் சர்பத்துக்குப் பிழிந்து போட்டிருந்த நாரங்காத் தோலை எடுத்து முட்டையில் வைத்து அழுத்தித் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க அந்த இடம் வெளுத்தது. தோலில் பழுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது.

"கண்டியளா, சாயமாக்கும்! தேயிலை வெள்ளத்தில முக்கி எடுத்திருக்கு."

என் முட்டையிலிருந்து நிறம் வருவதை நானும்தானே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்! அவர் வெளுத்த முட்டையையும் நாரங்காத் தோலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வீடியோ எடுத்தார். கடைக்கார அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணாடிப் பெட்டியைத் திறந்து என் முட்டைகளை எடுத்து மேசைக்கு அடியில் வைத்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் வீட்டுக்கு வந்து சேருமுன் வீடியோ ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் ஒரு வீட்டிலிருந்து முட்டையைத் திருப்பி அனுப்பினார்கள். இன்னொரு வீட்டு அம்மா நேரிலேயே வந்தார். அவர் மகள் மாசமாக இருந்தாள். "எனக்க பிள்ளைக்கு இத்தனை நாளும் சாயத்தையா தின்னக் குடுத்த?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார். அவர் போனபிறகு உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

அழுது முடித்ததும் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. மறுநாள் விடிந்ததும், ஒரு கோழி முட்டையிட்டு எழுந்த சூட்டோடு அந்த முட்டையை எடுத்து நாரங்கா தேய்த்தேன். அதுவும் வெளுத்தது! யாரும் தொடாத முட்டை, என் கண் முன்னால் இட்ட முட்டை. உடைத்து ஓட்டின் உள்பக்கம் பார்த்தேன். வெளிர்ந்துதான் இருந்தது. எத்தனை ஆயிரம் ஓடு உடைத்துப் போட்டிருப்பேன், ஒருநாளும் அதை யோசித்ததில்லை. வீடு கட்டி முடித்து மேலே பெயின்ட் அடிப்பதுபோல, கோழி ஓட்டைக் கட்டிவிட்டுக் கடைசியில்தான் நிறத்தைப் பூசுகிறது. புளிப்புப் பட்டால் அந்தப் பூச்சு கழன்று வருகிறது. சாயம்தான், ஆனால் பூசியது கோழி.

இதை ஜங்ஷனில் போய் வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? என் கோழிகளிலேயே அழகி ஒரு செவலைப் பெட்டைதான். அதைப் பிடித்து விரல் வைத்துப் பார்த்தேன். கோழி வளர்க்கும் பெண்களுக்கு இது தினசரி வேலை. உள்ளே முட்டை கெட்டியாகத் தட்டுப்பட்டது. இன்று இடாமல் போகாது. பனையோலையில் முடைந்த கடவத்தில் வைக்கோல் போட்டு அதை உட்காரவைத்தேன்.

"கோழியக் கொண்டு ஜங்ஷனுக்குப் போனா ஆளுவ சிரிக்கும் கேட்டியா" என்றார் வீட்டுக்காரர். நேற்றே சிரித்தாகிவிட்டது என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு வந்து கடவத்தை அவரே தூக்கிக்கொண்டார்.

கடையில் அந்த ஆளும் இருந்தார். கடவத்தை அவர் காலடியில் வைத்து, வைக்கோலை உதறிப் பாருங்கள், கோழியைத் தூக்கிப் பாருங்கள் என்றேன். உதறியும் பார்த்தார், தூக்கியும் பார்த்தார், ஒன்றும் இல்லை. இனி இது முட்டையிடும், நீங்களே எடுத்து நாரங்கா தேய்த்துக் கொள்ளுங்கள் என்றேன். சாயம் போனால் என்று கேட்டார். போகும் என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் போனை எடுத்து வீடியோவைப் போட்டுவிட்டார்.

கோழிக்கு மறைவு வேண்டும். துணி போட்டு மூடலாம் என்றால், உள்ளே வேறு முட்டையைத் தள்ளிவிடுவேன் என்பார்கள். அதனால் கடவத்தைச் சரித்து, பெஞ்சுக்கு அடியிலிருந்த இருட்டைப் பார்க்க அதை உட்கார வைத்தோம். அதன் பின்பக்கம் எங்களைப் பார்த்து இருந்தது. வளைகுடாக்காரர் அதற்கு நேராகக் குத்தவைத்து உட்கார்ந்தார். சுற்றிலும் ஆள் கூடிவிட்டது. செவலை எழுந்து நின்றது, திரும்பியது, மறுபடி உட்கார்ந்தது. டீ குடிக்க வந்தவர்கள் கிளாஸில் இருந்த டீயை ஆற்றக்கூட இல்லை. கடைக்கார அண்ணன் ரேடியோவை அணைத்துவிட்டு, "ஆரும் மிண்டப்பிடாது" என்று அதட்டினார். நேற்று வாய் திறந்து மிண்டாமல் இருந்த மனுஷன்!

அந்த நேரம் பார்த்துக் கடியப்பட்டணத்து மீன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு வண்டியில் வந்தார். கூட்டம் முழுக்க வாயில் விரல் வைத்து அவரை அடக்கியது. யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டார். கால் மரத்துப்போய் அந்த வளைகுடாக்காரர் இடக்கால், வலக்கால் என்று மாற்றி மாற்றி உட்கார்ந்தார். செவலை பயத்தில் முட்டையை அடக்கிக்கொண்டால் இன்றோடு என் கோழி வளர்ப்பு முடிந்தது. அம்மா தாயே, போட்டுவிடு என்று மனதுக்குள் அதைக் கெஞ்சினேன்.

செவலை இறகைச் சிலிர்த்துப் பாதி எழுந்தது. கழுத்தை உள்ளே இழுத்து ஒரு முக்கு முக்கியது. பொத்தென்று வைக்கோலில் விழுந்தது முட்டை. ஈரத்தோடு, கருஞ்சிவப்பாக, அப்படியொரு நிறம். நானே அவ்வளவு அழகாக ஒரு முட்டையைப் பார்த்ததில்லை.

அவர் பாய்ந்து எடுத்தார். ஈரம் காயாத பூச்சில் அவர் பெருவிரல் பதிந்து அடையாளம் விழுந்தது. நான் நாரங்காவை நீட்டினேன். தேய்த்தார். நேற்றுப் போலவே வெளுத்தது, நேற்றுப் போலவே தோலில் பழுப்பு வந்தது. முட்டையைப் பார்த்தார், கோழியைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"எந்தத் தேயிலைக் கடையில முக்கிச்சுன்னு அந்தக் கோழிகிட்ட கேளும்" என்றார் மீன்காரர். ஜங்ஷனே சிரித்தது. செவலை கடவத்தின் விளிம்பில் ஏறி நின்று தொண்டை கிழியக் கொக்கரித்தது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்த முறை சந்தோஷத்தில்.

வளைகுடாக்காரரைக் குறை சொல்ல முடியாது, சொன்ன வாயாலேயே மாற்றிச் சொன்னார். அதே குழுவில் இந்த வீடியோவையும் போட்டார். "மைனி, தப்பு எனக்கதான். அடை வைக்கக் கொஞ்சம் முட்டை தருவியளா?" என்று அத்தனை பேர் முன்னால் அண்ணி முறை சொல்லிக் கேட்டார். நாரங்கா தேய்க்காமல் வைப்பதாக இருந்தால் தருகிறேன் என்றேன். கடைக்கார அண்ணன் மேசைக்கு அடியில் இருந்த முட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றாகத் துடைத்து, பழையபடி முன்வரிசையில் அடுக்கினார். மாசமாக இருந்த மகளின் அம்மா அன்று சாயங்காலம் பாத்திரத்தோடு வந்தார். விளிம்புவரை முட்டை அடுக்கிக் கொடுத்தேன்.

செவலையின் வம்சம் இப்போது அந்த வளைகுடாக்காரர் வீட்டு முற்றத்திலும் மேய்கிறது. யாராவது முட்டையைப் பார்த்துச் சாயமா என்று கேட்டால் எனக்கு முன்னால் அவர்தான் சண்டைக்குப் போகிறார். நான் இப்போதெல்லாம் வாக்குவாதம் செய்வதில்லை. என் பேச்சை யாராவது நம்பாமல் முகம் சுளிக்கும்போது, அத்தனை பேர் நடுவில் அவசரமே படாமல் உட்கார்ந்திருந்த அந்தக் கோழியை நினைத்துக்கொண்டு என் நேரம் வரும்வரை பொறுத்திருக்கிறேன். நேரம் வந்தபிறகு, அதைப் போலவே, கொக்கரிக்காமல் மட்டும் விடுவதில்லை.