பசிப்புல்

இது நடக்கவே இல்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். மற்றவர்களுடைய பேய் அனுபவம் கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது. என்னுடையது என் வாய்க்குள் நடந்தது. இன்றைக்கும் சாப்பிட உட்காரும்போது முதலில் நாக்கை விரலால் தடவிப் பார்த்துக்கொள்கிறேன்.

என் பெயர் கோல்மன். அயர்லாந்தின் மேற்கே மேயோ மாவட்டத்தில் பூர்வீகம் தேடித் தருவது என் தொழில். அமெரிக்காவிலிருந்து வருகிறவர்களுக்கு அவர்கள் முன்னோர் எந்த ஊர், எந்த வீடு என்று கண்டுபிடித்துச் சொல்வேன். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தேவாலயப் பதிவேடுகளைத் தொட்டுப் பாருங்கள். நூறு பாதிரியார்கள் எச்சில் தொட்டுப் புரட்டிய பக்கங்கள். நான் கையுறை போட்டுக்கொண்டுதான் தொடுவேன். வருகிறவர்களோ மண்ணில் விழுந்து முத்தம் கொடுப்பார்கள். ஆடு புழுக்கை போட்ட மண். எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். அருவருப்பு என் கூடவே பிறந்தது.

போன நவம்பரில் லொரெட்டா வந்தார். ஒஹாயோவில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். காரில் ஏறியதிலிருந்து மடியில் ஒரு மரப்பெட்டி.

"அதுல என்னங்க?"

"அப்பா."

அஸ்தி. நான் கொஞ்சம் ஜன்னல் பக்கம் ஒதுங்கி உட்கார்ந்தேன்.

"சாகறப்போ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார், கோல்மன். 'என்னை நம்ம ஆளுங்ககிட்ட கொண்டுபோய்ச் சேர்த்துடு'ன்னு. அதைச் செய்யாம நான் ஊர் திரும்ப மாட்டேன்."

அவர் ஆட்கள் என்றால் லவெல் குடும்பம். உருளைக்கிழங்கெல்லாம் மண்ணுக்குள்ளேயே அழுகிப்போன பெரும் பஞ்சத்தில், அப்பாவின் கொள்ளுப்பாட்டி சபீனா லவெல் பதினாறு வயதில் தனியாகக் கப்பல் ஏறியவள். ஞானஸ்நானப் பதிவில் அவளைப் பிடித்துவிட்டேன். டெரிகார்வ் என்ற ஊர். அவளுக்குப் பின்னால் ஐந்து தம்பி தங்கைகள். அந்த ஐவரும் பிறகு எந்தப் பதிவிலும் இல்லை. கல்யாணம் இல்லை, கப்பல் இல்லை, கல்லறை இல்லை. பஞ்சக் காலத்தில் இது சகஜம். எழுத வேண்டியவனே செத்துப்போயிருப்பான்.

வழியில் பன்றிக்கறி வைத்த ரொட்டியை நீட்டினேன். லொரெட்டா கையால் தள்ளிவிட்டார்.

"எங்க வீட்ல யாரும் கறி தொடமாட்டோம். சபீனா காலத்துலேருந்தே அப்படி. கறி வாசனை வந்தாலே எழுந்து போயிடுவாளாம். பெரிய பக்தை."

பெருமையாகத்தான் சொன்னார். ரொட்டி முழுவதையும் நானே தின்று தீர்த்தேன்.

லவெல் வீடு இருந்த வயல் இப்போது ஃபெஸ்டஸ் என்பவருடையது. என் வயதுதான். கல்யாணம் ஆகாத மனிதர், வாயைத் திறந்தால் நக்கல்.

"அந்த மூலைக்கா? என் மாடே போகாத இடத்துக்கு அமெரிக்கா எதுக்குய்யா போகுது?"

"பூர்வீகம்யா. இவங்க லவெல் வீட்டு வாரிசு."

நக்கல் நின்றுபோனது. பெட்டியைப் பார்த்தார். உள்ளே போய் இரண்டு துண்டு ரொட்டி கொண்டுவந்தார்.

"ஆளுக்கு ஒண்ணு பையில வெச்சுக்கோங்க. அங்க இருக்கறது பசிப்புல்லு. பட்டினியில செத்தவங்க விழுந்த இடத்துல முளைக்கிறது. மிதிச்சா பசி எடுக்கும். ஒரு வாய் ரொட்டி போட்டா விட்டுடும்."

எனக்குத் தெரியாத கதை இல்லை. எங்கள் பக்கம் குழந்தைகள்கூடச் சொல்லும். ஆனால் அவர் கட்டைவிரலில் சாணி. ரொட்டியிலும் அந்த விரல் அடையாளம். அவர் தலை மறைந்ததும் லொரெட்டாவின் துண்டையும் வாங்கி, இரண்டையும் பின்னால் வந்த ஃபெஸ்டஸின் நாய்க்குப் போட்டேன். நாய் கவ்விக்கொண்டது. தின்னவில்லை. கல்சுவரைத் தாண்டி எங்களோடு வரவும் இல்லை.

மணி நாலு பத்து. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. காலையிலிருந்து மழை. வயல் முழுக்கச் சொதசொதவென்று இருந்தது. அந்த மூலையில் மட்டும் புல்லில் ஈரமே இல்லை. நவம்பரில் இருக்கக் கூடாத பச்சை.

இடிந்த கற்களுக்கு நடுவே லொரெட்டா மண்டியிட்டார். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். முத்தம் கொடுக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

அப்போதுதான் நாற்றம் வந்தது. அழுகி நீராக ஒழுகும் உருளைக்கிழங்கு. அங்கே உருளைக்கிழங்கு போட்டு நூறு வருஷத்துக்கு மேல் இருக்கும். மூக்கைப் பொத்தினேன். நாற்றம் உள்ளேயிருந்து வந்தது.

பிறகு ஒரு சத்தம். மெல்லுகிற சத்தம்.

சப்… சப்… சப்…

மாடு எதுவும் இல்லையே என்று திரும்பிப் பார்த்தேன். இல்லை.

சத்தம் என் வாயிலிருந்து வந்தது. வாய் நிறையப் புல்.

துப்ப முடியவில்லை. பசித்தது. அப்படி ஒரு பசி… வயிறு முதுகோடு ஒட்டியது. காரில் முழு ரொட்டி தின்றவன் நான்.

லொரெட்டாவின் கடைவாயில் பச்சையாக வழிந்தது.

பெட்டி திறந்திருந்தது.

அவர் கை உள்ளே போனது. வாய்க்கு வந்தது.

நறநற…

தடுக்கத்தான் போனேன். சத்தியமாகத் தடுக்கத்தான்…

என் கையும் உள்ளே போனது.

இனித்தது.

சப்… சப்… சப்… நாங்கள் இரண்டே பேர். மெல்லும் வாய்கள் இரண்டுக்கு மேல் இருந்தன. எல்லாம் என் இடுப்பு உயரத்துக்குக் கீழே…

திடீரென்று யாரோ என் தாடையைப் பிளந்து எதையோ திணித்தார்கள். ரொட்டி. சாணி வாசனை அடித்தது. அதைவிட நல்ல சாப்பாடு நான் சாப்பிட்டதில்லை.

ரொட்டியோடு நாய் திரும்பி வந்ததைப் பார்த்துத்தான் ஃபெஸ்டஸ் ஓடி வந்திருந்தார். எங்கள் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு, பெட்டியையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். லொரெட்டாவுக்கு எதுவும் நினைவில்லை. தலை சுற்றியது என்று மட்டும் சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார். நான் கொல்லையில் வாந்தி எடுத்தேன். பச்சையாக வந்தது. பிறகு சாம்பல் நிறத்தில் வந்தது.

"இவ்வளவு மோசமான இடம்னு தெரிஞ்சா முன்னாடியே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானேய்யா?"

"எதைய்யா சொல்றது? அந்தம்மா மூஞ்சிக்கு நேராவா?" குரலைத் தாழ்த்தினார். "அந்த வீட்லேருந்து ஒருத்திதான் நடந்து வெளியே வந்தா. ஊரே எலும்பும் தோலுமா கிடந்தப்போ அவ கன்னம் மட்டும் உப்பியிருந்துச்சாம். உள்ள போய்ப் பார்த்தவங்க ஒரு வார்த்தை பேசாம கூரையை இழுத்துச் சாய்ச்சுட்டாங்க. அஞ்சு பிள்ளைங்கள்ல… புதைக்கற மாதிரி எதுவும் மிச்சமில்லையாம்."

கறி வாசனை வந்தாலே எழுந்து போய்விடுவாளாம். பெரிய பக்தை.

லொரெட்டா துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்தார். மேசையில் இருந்த பெட்டியைத் திறந்தார்.

ஆளுக்கு ஒரு கைப்பிடிதான் தின்றிருப்போம். பெட்டி நிறைய அஸ்தி இருந்தது. இப்போது உள்ளே ஒரு தூசி இல்லை. மரம் ஈரமாக இருந்தது. மூலை முடுக்கெல்லாம் நக்கி எடுத்த மாதிரி சுத்தம்.

ஃபெஸ்டஸ் சிலுவை போட்டுக்கொண்டார். லொரெட்டா பெட்டிக்குள் விரலால் தடவிப் பார்த்தார். கண்ணில் நீர், முகத்தில் நிம்மதி.

"அங்கேயே கொட்டிடுச்சு போல. பரவாயில்ல, கோல்மன். கேட்ட மாதிரியே அப்பா அவர் ஆளுங்ககிட்ட போய்ச் சேர்ந்துட்டார்."

நான் தலையாட்டினேன். பல்லிடுக்கில் இன்னும் ஏதோ நெருடிக்கொண்டிருந்தது.