சாவித்ரி வீட்டு வேட்டிக்கு வந்த மஞ்சள்

புனே பக்கம் நிக்டியில் எங்கள் காலனியில் வேட்டி கட்டுகிற ஒரே ஆள் ஜெகதீசன். வாரம் முழுக்க சாகண் கம்பெனியில் சூப்பர்வைசர் யூனிஃபார்ம்; ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மட்டும் வெள்ளை வேட்டி. அது எவ்வளவு வெள்ளை என்றால், அவர் வருகிற வழியில் நாய்கள்கூட கண் கூசி, குரைக்க மறந்து ஒதுங்கி நிற்கும்.

போன வருடம் அந்த மனிதருக்கு வாலிபம் திரும்பியது. பல வருடமாகப் படிக்கப் போட்ட கண்ணாடி திடீரென்று தேவைப்படவில்லை. மாத்திரை அட்டையில் எறும்புக்கே பூதக்கண்ணாடி வேண்டியிருக்கும் எழுத்தை வெறுங்கண்ணால் வாசித்தார். போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி வாசித்துக் காட்டினார். காலையில் குடிக்கிற கேரட் ஜூஸ்தான் காரணமாம். உங்களால்தான் புனே முழுக்க கேரட் விலை ஏறிவிட்டது என்றேன். நம்பிவிட்டார்.

ஆனால் வேட்டி மட்டும் அவருக்கு மஞ்சளாகத் தெரிந்தது. அலசும்போது சொட்டு நீலம் சரியாக விடுவதில்லை என்று மனைவி சாவித்ரியோடு சண்டை. சாவித்ரியும் இன்னும் நாலு சொட்டு சேர்த்து விட்டார். அடுத்த ஞாயிறும் மஞ்சள் என்றார். வாராவாரம் இதே பாட்டு. ஒருநாள் கடுப்பில் பாட்டிலையே வாளியில் கவிழ்த்துவிட்டார் சாவித்ரி.

காய்ந்து வந்த வேட்டியைப் பார்த்தால் லோணாவ்ளா மலை மேகம்கூட வானம் என்று நினைத்து அதில் வந்து உட்கார்ந்திருக்கும். ஜெகதீசன் அதைக் கட்டிக்கொண்டு திருப்தியாகத் தடவிப் பார்த்தார்.

"இப்பதான் வேட்டி வேட்டி மாதிரி இருக்கு."

சாவித்ரி சிரிக்கவில்லை.

"இது என்ன கலருங்க?"

"வெள்ளை. ஏன்?"

"வலது கண்ணைப் பொத்திக்கிட்டுப் பாருங்க."

பொத்தினார். இடது கண்ணில் வேட்டி லேசாக நீலம் காட்டியது. மாற்றிப் பொத்தினார். வலது கண்ணில் அழுக்கு வெள்ளை. கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு கார்ல வரப்போ, எதுத்தாப்ல வர்ற லைட்டெல்லாம் முடியை விரிச்சுப் போட்டுக்கிட்டு வருது, சாவித்ரி. கொஞ்ச மாசமாவே இப்படித்தான். அண்ணனுக்கு வந்தது எனக்கும் வந்துடுச்சோன்னு பயமா இருந்துச்சு."

திருச்சியில் இருக்கிற அவர் அண்ணனுக்குச் சர்க்கரையால் பார்வை போயிருந்தது. அந்தப் பயத்தில்தான் மனிதர் கண் டாக்டர் இருக்கும் தெருப்பக்கமே தலைவைக்காமல் கேரட்டாகக் கரைத்துக் குடித்திருக்கிறார்.

மறுநாள் சாவித்ரி லீவு போட வைத்து, கிட்டத்தட்டக் கட்டித் தூக்கிக்கொண்டு போனார். டாக்டர் சுஷ்மா மராத்திக்காரர். சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்து, உள்ளே வெகுநேரம் பார்த்தார்.

"காகா, மோதிபிந்து. காப்ரூ நகா."

பெரியவரே, கண்புரைதான், பயப்படாதீர்கள் என்றார். கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் மெல்ல மங்கிப் பழுப்பாகிறது. வெள்ளை மஞ்சளாகத் தெரிவதும், விளக்கு வெளிச்சம் சிதறுவதும் அதனால்தான். படிக்கக் கண்ணாடி வேண்டாம் என்று ஆனதும் அதன் வேலைதான், அந்தச் சுகமும் கொஞ்ச நாளைக்குத்தான். விழித்திரை நன்றாக இருக்கிறது, அண்ணனுக்கு வந்தது இவருக்கு இல்லை. இப்போதைக்குப் புதுக் கண்ணாடி போதும், ராத்திரியில் வண்டி ஓட்டக் கூடாது. தொந்தரவு அதிகமானால் சின்ன ஆபரேஷன் செய்து புது லென்ஸ் வைத்துவிடலாம்.

ஜெகதீசன் காதில் பாதிதான் ஏறியது. பார்வை போகாதுதானே என்று இந்தியில் கேட்டார். போகாது என்றார் டாக்டர். உடைந்த மராத்தியில் மறுபடி கேட்டார். அதற்கும் போகாது. மிச்சம் இருந்த மொழியில் மனைவியிடம் திரும்பினார்.

"போகாதாமா?"

"போகாதாம்ங்க."

அவர் விட்ட பெருமூச்சில் சுவரில் தொங்கிய காலண்டர் இரண்டு மாதம் முன்னால் போய்விட்டது.

வெளியே வெயில். மருந்து விட்ட கண்ணைத் திறக்க முடியவில்லை. சாவித்ரி லைசன்ஸ் எடுத்து எத்தனையோ வருடம் ஆகிறது, ஆனாலும் காலனி கேட் தாண்டி ஓட்ட விட்டதில்லை அவர். இப்போது அவரே கார் சாவியை எடுத்து நீட்டினார். பிரேக் போடு, ஹாரன் அடி என்று வழியெல்லாம் உபதேசம் வரும் என்று எதிர்பார்த்தார் சாவித்ரி. முதல் சிக்னல் தாண்டுவதற்குள் பக்கத்து சீட்டில் குறட்டைதான் வந்தது, லாரி ஏற்றம் ஏறுகிற மாதிரி.