சோலைமலை பூட்டிய விசிறி

இலங்கை மலைநாட்டில், லிந்துலையில் வாடகைக் கார் ஓட்டிய சோலைமலைக்கு ஒரே கவலை. நானுஓயா ஏற்றத்தில் அவனுடைய பழைய இங்கிலீஷ் கார் கொதித்து நின்றுவிடும். மற்ற நாளென்றால் ஓடைத் தண்ணீரை ஊற்றிவிட்டுக் காத்திருக்கலாம். இப்போது மனைவி வேலாயிக்கு நிறைமாதம். வருஷக்கணக்காக ஏங்கித் தங்கிய கரு. சிக்கலென்றால் நுவரெலியா ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டுமென்று தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் சொல்லியிருந்தார்.

பழுதாகிக் கிடந்த ஒரு ஜெர்மன் லாரியிலிருந்து சின்ன மின்விசிறியொன்றைக் கழற்றிவந்து, ரேடியேட்டருக்கு முன்னால் பூட்டினான். வயர் இழுத்து, சுவிட்ச் வைத்தான். தட்டியதும் விசிறி சீறிக்கொண்டு சுழன்றது.

"வேலாயி, இங்க வந்து பாரு புள்ள!"

அவள் வயிற்றைப் பிடித்தபடி கார் முகப்பில் குனிந்தாள். முந்தானை பறந்தது.

"யம்மாடி, என்னா காத்துங்க!"

சோலைமலைக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பாவி மனுஷன், அந்தக் காற்று அவள் முகத்துக்கு வரக்கூடாது, எஞ்சின் பக்கம் போகவேண்டும் என்று ஒரு நொடி யோசித்தானா? யோசிக்கவில்லை.

மறுவாரம் வலி கண்டது. டிஸ்பென்சர் கையை விரித்துவிட்டார். ஏற்றம் தொடங்கியதும் சோலைமலை நம்பிக்கையோடு சுவிட்சைப் போட்டான். வழக்கமாகக் கொதிக்கும் இடத்துக்கு வெகு முன்னாலேயே ஆவி பீறிட்டது. ஆறவைத்து ஓட்டினான், மறுபடியும் நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர வெகுநேரமாகிவிட்டது. வேலாயி பிழைத்துக்கொண்டாள். பெண்பிள்ளை உயிரோடு பிறக்கவில்லை.

தலவாக்கலை மெக்கானிக் வீரய்யா காரைப் பார்த்தவுடனே சொல்லிவிட்டான்.

"அண்ணே, இந்தக் காருக்கு பாட்டரி பொசிட்டிவத்தான் பாடியில குடுத்திருக்கான். அந்த லாரியில பாடிக்கு நெகட்டிவ். நீங்க அதுல இருந்த மாதிரியே வயரக் குடுத்துட்டீங்க. விசிறி தலைகீழா சுத்தி, காத்த வெளிய தள்ளுது."

வயர்களை மாற்றிப் பூட்ட ஒரு பீடி பிடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

அப்புறம் கார் கொதிக்கவே இல்லை. அதில் போன பெண்களெல்லாம் பிள்ளையோடு திரும்பினார்கள். ராசியான காரு என்றது லயத்து வீட்டு வரிசையில் இருந்த சனம். அதே வாயால் வேலாயியை ராசியில்லாதவள் என்றது. பேர்சூட்டுக்கு அவளை யாரும் அழைப்பதில்லை. "நான் ஏறுனேன், காரே நின்னுபோச்சு" என்று அவளும் சொல்லத் தொடங்கிவிட்டாள். சோலைமலை கேட்டுக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தான். அதைப்போல ஒரு கொடுமை உண்டா?

ஒருநாள் லயத்தில் பக்கத்து அறையான காம்பராவில் இருந்த ராசம்மாவுக்கு வலி வந்தது. அவளைக் காரில் ஏற்றும்போது, எதிரே வந்துவிடக்கூடாதென்று வேலாயி தானாகவே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சோலைமலை அதைப் பார்த்துக்கொண்டே காரைக் கிளப்பினான்.

ராசம்மாவை ஆஸ்பத்திரியில் விட்டுத் திரும்பியதும் நேரே வேலாயியிடம் போனான்.

"கார் நின்னது ஒன்னால இல்ல புள்ள. நான்தான் வயர மாத்திக் குடுத்துட்டேன். விசிறி தப்பா சுத்திருச்சு. வீரய்யா அப்பவே சொன்னான். நான் ஒங்கிட்ட மறைச்சிட்டேன்."

அடிப்பாள், திட்டுவாள் என்று தலையைக் குனிந்து நின்றான். அவள் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப, என் ராசியால இல்லீங்களா?"

"இல்ல புள்ள."

அதைக் கேட்ட பிறகுதான், அந்தப் பிள்ளைக்காக வேலாயி முதல்முறையாக வாய்விட்டு அழுதாள்.