சில்லில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும்

1. நாலு நாள் புஷ்

ஜீப்புக்கு நான் செய்து போட்ட றப்பர் புஷ்கள் நாலே நாளில் கிழிந்தன. அங்கிருந்தே தொடங்குகிறேன். கராஜ் வேலைக்குப் புதிதாக வருகிற தம்பிமார் சரிவந்த வேலையை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார்கள்; பிழைத்துப்போன வேலையை ஒருவரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. துணுக்காய் சுகாதாரப் பணிமனையில் எங்களிடம் இருந்த ஜீப் ஒன்றே ஒன்று. கிழமையில் மூன்று நாள் மருத்துவமாதுவை உள்கிராமங்களுக்கு, தாய்மார் கிளினிக்குக்குக் கொண்டுபோவது அதன் வேலை. மாரியில் உழவு ரக்ரரே புதைகிற பாதைகள். முன்சில்லுகளைத் தாங்கும் லோவர் ஆர்ம் இரண்டும் வளைந்துபோயிருந்தன. ஆர்மை ஜீப்பின் அடிச்சட்டமான செசியோடு பிடிக்கும் இடத்தில், இரும்போடு இரும்பு மோதாமல் இருக்கத்தான் றப்பர் புஷ் போடுவார்கள். அந்தப் புஷ்களில் றப்பர் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. பிரேக் பிடித்தால் ஜீப் இடப்பக்கம் பாயும்.

மருத்துவமாது றோஸ்மலர் அக்கா முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவர். "தம்பி, கச்சான் காத்துக்கை போன எங்கட அப்பாவின்ர வள்ளம்கூட இப்பிடி ஆடேல்லை. உன்ர ஜீப்பிலை வந்தால் தாய்மாருக்கு முதல் எனக்கெல்லோ நோ வருது" என்பார்.

போர்த் தடையால் வவுனியாவுக்கு இங்கால் வாகனச் சாமான் வராத காலம். எரிந்து கிடந்த ஒரு ஜீப்பிலிருந்து ஆர்ம் இரண்டைக் கழற்றினேன். ஒன்று நேராக இருந்தது. மற்றதைக் கொல்லப் பட்டறையில் காய்ச்சி நிமிர்த்தினோம். புஷ்ஷுக்கு லொறி ரயரை வட்டமாக வெட்டி, நடுவில் துளைத்து, இரும்புக் குழாய்த் துண்டில் ரயர்க் கடைப் பசையால் ஒட்டி, ஆர்மின் கண்ணுக்குள் வைஸால் நெரித்து ஏற்றினேன். ஜீப்பை ஜக்கில் தூக்கி, சில்லு அந்தரத்தில் தொங்க, இருந்த பலமெல்லாம் போட்டு நட்டுகளை இறுக்கினேன்.

நாலாம் நாள் ஜீப் பழையபடி ஆடிக்கொண்டு வந்தது.

கராஜின் மேற்பார்வையாளர், போமன் சிவகுரு எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "பாத்தியளே? தோட்டத்திலையிருந்து வந்தவை ரயரிலை செருப்பு வெட்டலாம். ஜீப்புக்குக் கால் போடேலுமே?"

என் அப்பா மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர். கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் வைப்பவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இந்தப் பேச்சு எனக்குப் புதிதில்லை. எனக்குச் சுட்டது வேறு. 'ஓடத் தகுதியற்றது' என்ற படிவத்தில் போமன் ஏற்கனவே கையெழுத்து வைத்துவிட்டார். எங்கள் ஜீப்பின் கியர்பொக்ஸ் நல்லது. அதைக் கழற்றித் தன் வாகனத்துக்குப் போட, வாகனப் பரிசோதகர் வெள்ளிக்கிழமை ரக்ரரோடு வருகிறார்.

"போகட்டும். ரெண்டிலை ஒண்டாவது நல்லா ஓடும்" என்றார் போமன்.

"எந்த ஒண்டு? பரிசோதகர் ஐயாவை ஏத்திக்கொண்டு திரியிற ஒண்டோ?" என்று கேட்டேன்.

அவர் படிவத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

2. சோக்குக் கோடு

கிழிந்த நாலு புஷ்ஷையும் மேசையில் வரிசையாக வைத்தேன். பசையைத்தான் முதலில் சந்தேகித்தேன். பசை பிழையென்றால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக விட்டிருக்கும். இவையோ தோய்த்துப் பிழிந்த சாரத் துணி மாதிரி முறுகிக் கிழிந்திருந்தன. நாலும் ஒரே மாதிரி.

புதிதாக ஒன்று வெட்டிப் போட்டேன். ஆர்மிலும் செசியிலும் சேர்த்துச் சோக்குக் கட்டியால் ஒரு நேர்க்கோடு கீறினேன். நட்டை இறுக்கி ஜக்கை இறக்கினேன். சில்லில் பாரம் விழுந்ததும் கோடு இரண்டாக விலகியது.

ஜீப் ஒரு அடிகூட ஓடவில்லை. றப்பர் அதற்குள் முறுகிவிட்டது. பாதை கிழிக்கவில்லை, நான்தான் கிழித்தேன். தொங்கும் நிலையில் இறுக்கினால், பாரம் வந்து ஆர்ம் மேலே எழும்பும்போது நட்டு நெரித்த குழாய் அசையாது, றப்பர்தான் முறுகும். அந்த முறுக்கோடேயே அது நாள் முழுக்கக் குண்டுகுழிகளில் ஓடியிருக்கிறது. அப்படியென்றால் ஜீப் தன் பாரத்தோடும் ஆட்களோடும் நிலத்தில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும்.

3. பாரம்

வெள்ளிக்கிழமை காலை. புதுப் புஷ்கள் ஏறிவிட்டன, நட்டுகள் கையால் திருகிய அளவில் மட்டும். சில்லுகளுக்குக் கல் வைத்தேன். அன்று எங்கள் வளவிலேயே கிளினிக். தாய்மார் வேம்புக்குக் கீழ் இருந்தார்கள்.

"அக்கா, நீங்களும் ஒரு நாலு பேரும் ஏறி இருக்கோணும்."

"எங்கை போறம்?"

"ஒரு இடமும் இல்லை. சும்மா இருந்தால் காணும்."

"கூலியில்லாத வேலை. வாங்கோ பிள்ளையள்" என்று அவர் தடுப்பூசிப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு ஏறினார்.

நான் கீழே படுத்து இரண்டு நட்டு இறுக்கியிருப்பேன், ரக்ரர் வந்து நின்றது. சில்லுக்குப் பக்கத்தில் பரிசோதகரின் சப்பாத்துக் கால் தெரிந்தது.

"ஆர் உள்ளுக்கை? இறங்குங்கோ. இது ஓடாத வாகனம்."

"ஓடாட்டி என்ன சேர், கதிரையெண்டு நினைச்சு இருக்கிறம்" என்றார் றோஸ்மலர் அக்கா.

"நான் இழுத்துக்கொண்டு போக வந்தனான்."

"இழுங்கோ. எங்களையும் சேத்து இழுங்கோ."

"எனக்கு ஏழு மாசம் சேர். மெல்லமா இழுங்கோ" என்றாள் பின்னாலிருந்த ஒருத்தி. ஜீப் குலுங்கச் சிரித்தார்கள். "சிரிச்சு ஆட்டாதேங்கோ!" என்று கீழிருந்து கத்தினேன்.

சப்பாத்து கிட்ட வந்தது. "எட, வெளியாலை வா."

"இன்னும் ரெண்டு நட்டு இருக்கு சேர். இறுக்கிப்போட்டு வாறன்."

"நான் சொல்லுறன், வா!"

நான் போகவில்லை. ஒருத்தியும் இறங்கவில்லை. ரக்ரர்க்காரன் எஞ்சினை நிறுத்திவிட்டுச் சுருட்டுப் பற்றவைத்தான். கடைசி நட்டு இறுகிய பிறகு வெளியே வந்து, ஜீப்பின் திறப்பைப் பரிசோதகரிடம் நீட்டினேன்.

"நீங்களே ஓடிப் பாருங்கோ. பள்ளத்துக்கை விட்டுப் பிரேக் பிடியுங்கோ. ஒரு பக்கம் இழுத்தால் கியர்பொக்ஸை நானே கழட்டித் தாறன்."

தாய்மார் இறங்கினார்கள். அவர் மதகுவரை போனார், பள்ளத்தில் இறக்கினார், பிரேக் பிடித்தார். திரும்பவும் பிடித்தார். ஜீப் நேராக நின்றது. இறங்கி வந்து, "இதுவும் நாலு நாளைக்குத்தான்" என்றார்.

"அப்ப அஞ்சாம் நாள் வாங்கோ."

ரக்ரர் வெறுங்கையோடு போனது.

ஐந்தாம் நாள் அவர் உண்மையாகவே வந்தார். "எங்கை ஜீப்?" என்று போமனைக் கேட்டார். போமன் என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். "கிளினிக்குக்குப் போட்டுது, சேர்" என்றார்.

அந்தப் புஷ்கள் மாரி முடியும்வரை தாங்கின. பிறகும் ரயரில்தான் வெட்டினேன், நிலத்தில் நிறுத்தித்தான் இறுக்கினேன்.

தம்பிமாரே, பிழைத்த சாமானை எறியாமல் மேசையில் வைத்துப் பாருங்கள். இறுக்க முதல் வாகனம் சுமக்கிற ஆட்களை ஏற்றுங்கள். 'ஓடாது' என்று யாராவது படிவம் நீட்டினால், கையெழுத்து வைக்க முதல் கீழே படுத்துப் பாருங்கள். படுத்த பிறகு, எந்தச் சப்பாத்து எவ்வளவு கிட்ட வந்து நின்றாலும், கடைசி நட்டு இறுகும்வரை வெளியே வராதீர்கள்.